வர்ணம் மூடுமுன் பாருங்கள்

சொந்தப் பணத்தில் ஒரு பொருளை வாங்குகிறவர் ஏமாந்தால் நஷ்டம் அவரோடு போகிறது. சங்கத்தின் பணத்தில் வாங்குகிறவர் ஏமாந்தாலோ, தறியில் அமர்ந்திருப்பவரும் வயலில் நிற்பவரும் அந்நஷ்டத்தைப் பங்கிட்டுச் சுமக்க நேர்கிறது. ஆகவே, ஒரு பொருளின் தரத்தை மதிப்பிடும் முறையை நிர்வாகக் குழுவினர் மட்டுமன்றி ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியமாகும். மோட்டார் வண்டிக்குக் கூண்டு கட்டும் தொழிற்சாலை ஒன்றை அண்மையில் நாம் பார்வையிட்டோம். அங்குக் கண்டதையும் கற்றதையும் இம்மாதப் பாடமாக அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

பழைய தவறு ஒன்று

முதலில் நம் தவற்றைக் கூறிவிடுகிறோம். ஏழாண்டுகளுக்கு முன் நம் சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, சந்தைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் சேலைகளைக் கொண்டு சென்று விற்பதற்காக ஒரு மூடுவண்டியைச் செய்வித்தது. வேற்றூர்ப் பட்டறை ஒன்றில் கூண்டு கட்டப்பெற்றது. வேலை முடிந்ததென்று செய்தி வந்ததும், வண்டியைப் பார்வையிட்டு அறிக்கை தரும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

அப்போது நாம் உத்தியோகத்திற்குப் புதிது. வணிகவியலில் பட்டம் பெற்றிருந்தோம். பேரேடும் ஐந்தொகையும் அறிவோம். இரும்பைப் பற்றி ஒன்றும் அறியோம். முகம் தெரியும்படி பளபளத்த நீல வர்ணத்தைக் கண்டோம். கதவுகளைத் திறந்து மூடினோம். விளக்குகள் எரிந்தன. ‘வேலை திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

இரண்டாவது ஐப்பசி மழையில், கூரைத் தகடுகள் சேருமிடத்தில் நீர் இறங்கியது. அடுக்கி வைத்திருந்த சேலைக் கட்டுகளின்மீது துருநீர் சொட்டியது. பருத்தித் துணியில் ஏறிய துருக்கறை சலவைக்கு எளிதில் போவதன்று என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னர்த் தரைத்தகட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது, கீழிருந்த குறுக்குச் சட்டங்கள் விரலால் உதிர்க்கத்தக்க நிலையில் இருந்தன. மேலே வர்ணம் மட்டும் அப்போதும் பளபளப்பாகவே இருந்தது.

சேலைகளைத் தள்ளுபடி விலைக்கு விற்றதும், கூண்டைப் பழுது பார்த்ததுமாக ஏற்பட்ட நஷ்டத்தால் அவ்வாண்டு நெசவாளர்க்குரிய போனஸ் குறைந்தது. பேரவைக் கூட்டத்தில் முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, “வண்டியைப் பார்த்து நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தது யாருங்க?” என்று கேட்டார். நாம் எழுந்து நின்றோம். அவர் வேறொன்றும் கேளாமல் அமர்ந்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இவ்வாண்டு அதே நெசவாளர் சங்கமும், அடுத்த ஊர் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமும் ஒன்று சேர்ந்து, துணிக்கு ஒரு பகுதியும் காய்கறிக்கு ஒரு பகுதியுமாக உள்ளே தடுப்பு வைத்த நடமாடும் விற்பனை வண்டி ஒன்றைச் செய்விக்கத் தீர்மானித்தன. இம்முறை வண்டி முடியும்வரை காத்திராமல், வேலையை ஒப்படைக்கும் முன்பே தொழிற்சாலையைச் சென்று காண்பதென முடிவாயிற்று. இரு சங்கத் தலைவர்கள், விவசாயிகள் சங்கத்துச் செயலாளர், நெசவாளர் சங்கத்து இயக்குநராகிய முதிய நெசவாளர் ஒருவர், நாம் என ஐவராகக் கரூர் சென்றோம். கரூர், கைத்தறி ஜவுளிக்கும் பஸ் கூண்டு கட்டும் தொழிலுக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே.

அடிச்சட்டமும் கூண்டும்

லாரி, பஸ் முதலிய பெரிய வண்டிகள் பல இரண்டு இடங்களில் பிறக்கின்றன. எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, அச்சுகள், சக்கரங்கள், இவற்றைத் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டம் ஆகியவை மட்டும் சேர்ந்தது சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம். இதனைப் பெரிய மோட்டார்க் கம்பெனிகள் செய்து அனுப்புகின்றன. கூரையும் சுவரும் இல்லாத அடிச்சட்டத்தை, தலைக்கவசமும் முகத்தில் துணியுமாக ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதன்மீது கூண்டு கட்டுவது கரூர் போன்ற ஊர்களில் நடைபெறும் தொழிலாகும்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் மேஸ்திரி எங்களை முன்வாயிலில் நின்ற, முழுதும் முடிந்த பஸ் ஒன்றிடம் அழைத்துச் சென்றார். அது மிக அழகாக இருந்தது. ஆயினும் பழைய பாடம் நினைவிலிருந்தமையால், “இதைக் கடைசியில் பார்க்கிறோம், வேலை தொடங்குமிடத்தை முதலில் காட்டுங்கள்” என்று கேட்டுக்கொண்டோம். அவர் நகைத்துவிட்டுப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அங்குக் கூண்டை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடிச்சட்டத்தின் நீண்ட இரு கைகளும் வண்டியின் முதுகெலும்பு போன்றவை. அவற்றின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடுவதையும், அவற்றோடு நேரே வெல்டிங் செய்வதையும் கம்பெனியார் தடுக்கின்றனர். துளையிட்ட இடத்தில் வலிமை குறைந்து, நாளடைவில் வெடிப்புக் காணும் என்பதே காரணம். ஆதலின், யு வடிவப் போல்ட்டுகளையும் கம்பெனியார் அமைத்துத் தந்த தாங்கிகளையும் கொண்டு கூண்டைப் பிணைக்க வேண்டும். இத்தொழிற்சாலையில் அவ்வாறே செய்திருந்தனர். வெல்டிங் தொடங்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவைக்கிறார்களா என்றும் கவனித்தோம். இக்கால வண்டிகளில் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி உண்டு. வெல்டிங் மின்சாரம் அதனுட் புகுந்தால் பெட்டி கெட்டுவிடும். இணைப்புக் கழற்றப்பட்டிருந்தது.

எலும்புக்கூடு

அடுத்த கொட்டகையில் தகடு போர்த்தாத கூண்டுகள் நின்றன. தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், நிமிர்ந்த தூண்கள், கூரை வளைவுகள் என எல்லாம் சதுர இரும்புக் குழாய்களால் ஆனவை. வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை நிர்ணயிப்பது இந்த எலும்புக்கூடே. ஆனால், வண்டி முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாமற் போவதும் இதுவே.

இங்கு மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது குழாயின் கனம். குழாயையும் தகட்டையும் கேஜ் என்னும் கணக்கிலும், மில்லிமீட்டர் கணக்கிலும் குறிக்கிறார்கள். பிரிட்டிஷ் கம்பி அளவையின்படி 16 கேஜ் என்பது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் கனம் குறைகிறது. இதனைக் கேட்ட விவசாயிகள் சங்கச் செயலாளருக்கு வியப்பு உண்டாயிற்று. எண் பெரிதானால் தகடும் பெருங்கனம் என்றே அவர் எண்ணியிருந்தார். முதிய நெசவாளரோ, “இது நம்ம நூல் நம்பர் மாதிரி தானுங்க. 40-ஆம் நம்பர் நூல் 20-ஐ விட மெலிசு” என்றார். அவர் கூறியது முற்றிலும் பொருத்தம். ஆயினும், விலைப்புள்ளியில் கேஜ் எண்ணை மட்டும் எழுதினால் எந்த அளவை என்ற வழக்கு எழக்கூடும். மில்லிமீட்டரில் எழுதச் செய்வதே நன்று. வெட்டிக் கிடக்கும் குழாய்த் துண்டை எடுத்து, அளவுகோலால் சுவர்க்கனத்தை அளந்து பார்க்கலாம். நாம் அளந்தபோது, சொல்லப்பட்ட கனமே இருந்தது.

இரண்டாவது மூலைமட்டம். ஒரு சட்டம் நேர்ச் செவ்வகமாக இருக்கிறதா என்றறிய எதிர்மூலைகளுக்கு டேப் பிடித்து அளக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமாயின் சட்டம் நேராக உள்ளது. வேறுபடின் கோணலாக உள்ளது. தறியை ஊன்றும்போது நெசவாளர் கயிறு பிடித்துப் பார்ப்பதும் இதற்கே. பக்கக் கதவுக்குரிய சட்டம் ஒன்றில் இரு மூலைவிட்டங்களுக்கும் 8 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்ததை முதியவர் கண்டார். அத்தகைய சட்டத்தில் கதவைப் பொருத்தினால், ஒரு மூலையில் இறுகும். மற்றொரு மூலையில் சந்துவிட்டு மழையையும் தூசியையும் உள்ளே விடும். மேஸ்திரி தாமே மீண்டும் அளந்து பார்த்துச் சட்டத்தில் சாக்கட்டியால் குறியிட்டார்.

மூன்றாவது, துருவுக்குத் தடை. வெறும் இரும்புக் குழாயினும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் நெடுநாள் உழைக்கும். குழாயின் உட்புறத்திற்கு எந்தத் தூரிகையும் எட்டாது. ஆகையால், உள்ளும் புறமும் துத்தநாகம் ஏறிய குழாயைக் கேட்பது நல்லது. குழாயின் திறந்த முனைகள் நீர் புகாதபடி மூடப்பட்டுள்ளனவா என்பதும் காணத்தக்கது.

பற்றவைப்பும் அதன் பகையும்

வெல்டிங் என்னும் பற்றவைப்பில் நற்குறி யாது, தீக்குறி யாது என்று மேஸ்திரி விளக்கினார். நல்ல பற்றவைப்பு சீரான அலைவரிசைபோல் அமைந்து, இருபுறத்து இரும்போடும் கரைந்து சேர்ந்திருக்கும். ஊசித் துளைகள் நிறைந்திருப்பது, ஒரு பக்கம் மட்டும் ஒட்டி மறுபக்கம் குழம்பு வழிந்ததுபோல் மேலே படிந்திருப்பது, ஓரத்தில் இரும்பைத் தின்று பள்ளமாக்கியிருப்பது ஆகிய மூன்றும் குற்றங்கள். எதிரே தெரியும் பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு, கை எட்டாத பின்பக்கத்தை விட்டுவிடுவது நான்காவது குற்றம். விரலைப் பின்புறமாக ஓட்டிப் பார்த்தால் இது புலப்படும்.

துத்தநாகக் குழாயில் வேறொரு சங்கடமும் உண்டு. துத்தநாகம் 419 பாகையில் உருகி, 907 பாகையில் ஆவியாகும். இரும்பு உருகுவதற்கோ சுமார் 1,500 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே, பற்றவைக்கும் ஒவ்வோரிடத்திலும் துத்தநாகப் பூச்சு எரிந்து போகிறது. வலிமைக்காக வைத்த இணைப்பே துருவுக்கு வாயிலாகிறது. எரிந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகத்தூள் மிகுந்த பிரைமரைப் பூசினாலன்றி அந்த வாயில் மூடாது.

ஒரு கூண்டின் அடியில் குனிந்து நாம் பார்த்தோம். பக்கவாட்டுத் தூண்களில் இப்பூச்சு ஒழுங்காக இருந்தது. தரையின் கீழ்க் குறுக்குச் சட்டங்களில் ஒரு வரிசை முழுவதும் பூச்சின்றிக் கறுத்திருந்தது. நாம் அதைச் சுட்டியபோது மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. “தகடு போட்டுட்டா இது தெரியாதுங்க. அதனாலதான் பசங்க விட்டுடறாங்க” என்று உள்ளதை உள்ளபடி கூறி, ஓர் இளைஞரை அழைத்து அப்போதே பூசச் செய்தார்.

அங்கத்தினர்களே, அன்று நாம் கேட்ட வார்த்தைகளில் இதுவே விலைமதிப்புள்ளது. குற்றம் பெரும்பாலும் வஞ்சனையால் நேர்வதன்று. பின்னால் மூடப்படப்போகிற இடத்தில் கை தானே சோர்கிறது. எவரும் பாராத இடத்தில் வேலை தளர்வது மனித இயல்பு. அவ்விடத்தை ஒருவர் பார்ப்பார் என்ற நினைவே பாதித் தரத்தை உண்டாக்கிவிடும்.

துத்தநாகப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. இதனை மிகுதியாக மூச்சில் ஏற்பவர்க்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காணும். காற்றோட்டமும் முகமூடியும் இல்லாத பட்டறையில் தொழிலாளி விரைவில் எழுந்து வெளியேறவே விரும்புவார். கையிலுள்ள வேலையும் அவ்வளவில்தான் இருக்கும். தொழிலாளியின் நலத்தையும் பொருளின் தரத்தையும் கூட்டுறவாளர் பிரித்துப் பார்த்தல் கூடாது. இங்கே காற்று உறிஞ்சும் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முகமூடி அணிந்தவர் பலர். அணியாதவரும் சிலர் இருந்தனர். அதையும் நம் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

தகடும் வர்ணமும்

எலும்புக்கூட்டின்மீது தகடு போர்த்துகின்றனர். கனம் குறைவதற்காகச் சிலர் அலுமினியத் தகட்டை விரும்புகின்றனர். அது தனித்திருக்கையில் துருவேறாது. ஆயினும், வெறும் இரும்போடு நேரே ஒட்டி, இடையில் ஈரமும் சேருமாயின், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். இரண்டுக்கும் நடுவே பிரைமரோ, ஒட்டுநாடாவோ, பசையோ தடையாக இருத்தல் வேண்டும். கூரைத் தகடுகள் சேருமிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதோடு, இடையில் நீர்த்தடைப் பசையும் வைக்க வேண்டும். நம் பழைய வண்டியில் கூரைப் பொருத்தில் பசைக்குப் பதிலாகப் பட்டி மட்டும் அப்பப்பட்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். வண்டி ஓடும்போது தகடு அதிரும், பட்டி வளையாது, வெடித்துவிடும்.

வர்ணம் என்பது கடைசியில் ஒருமுறை பூசும் அழகன்று; அதற்குப் படிகள் உண்டு. எண்ணெய்ப்பசை போகக் கழுவுதல், துரு நீக்குதல், பிரைமர், மேடுபள்ளம் தீர மெல்லிய பட்டி, மீண்டும் தேய்ப்பு, அதன்பின் நிறம். முதற்படிகளில் ஒன்று தவறினும் கடைசிப்படி உரிந்து விழும். பட்டி கனமாக அப்பப்பட்டுள்ளதா என்றறியச் சிறு காந்தம் ஒன்று போதும். இரும்புத் தகட்டில் காந்தம் கெட்டியாக ஒட்டும். பட்டி தடித்த இடத்தில் தளர்ந்து விழும். அலுமினியத் தகட்டுக்கு இச்சோதனை பயன்படாது. வர்ணம் தகட்டைப் பற்றியிருக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அதே முறையில் வர்ணம் பூசிய மாதிரித் தகட்டில், கூரிய கத்தியால் நெருக்கமான சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுப்பர். கட்டங்கள் பெயராதிருந்தால் வர்ணம் நன்று. மேஸ்திரி எங்கள் எதிரே செய்து காட்டினார்; ஒரு கட்டமும் பெயரவில்லை.

நீரும் நிறையும்

முடிந்த வண்டிக்கு உரிய சோதனைகள் இரண்டு. முதலாவது, நீர்ச்சோதனை. கூரையிலும் பக்கங்களிலும் குழாய்கள் வழியே மழைபோல் நீரைப் பொழிவித்து, உள்ளே ஒருவர் விளக்குடன் அமர்ந்து பார்க்க வேண்டும். வெளியே நின்று பார்ப்பதால் பயனில்லை. இத்தொழிற்சாலையில் அதற்கென நீர்ப்பந்தல் ஒன்று இருந்தது. முதியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வண்டிக்குள் ஏறி அமர்ந்து, கால்மணி நேரம் கழித்து உலர்ந்தவாறே இறங்கினார்.

இரண்டாவது, நிறைச்சோதனை. வண்டியின் மொத்த எடைக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. கூண்டும் சரக்கும் அவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். கூண்டு 100 கிலோ கூடினால், ஏற்றத்தக்க சரக்கு 100 கிலோ குறையும். நாளொன்றுக்கு ஒரு நடையாக ஆண்டுக்கு 300 நடை என்று கணக்கிட்டால், 30,000 கிலோ, அதாவது 30 டன் காய்கறியை ஏற்றும் வாய்ப்பை ஒவ்வோராண்டும் இழப்போம். மெலிந்த குழாய் எவ்வளவு கெடுதியோ, அளவுக்கு மீறிய கனமும் அவ்வளவு கெடுதியே. அடிச்சட்டத்தை எடைமேடையில் நிறுத்துக்கொண்டு, கூண்டு முடிந்தபின் மீண்டும் நிறுத்தால் உண்மை வெளியாகும். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியே நிறுத்தலும் நன்று.

பேருந்துகளின் கூண்டுக்கென நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 052 என்னும் விதித்தொகுதி உண்டு. கதவு, அவசர வழி, இருக்கை, கூண்டின் உறுதி முதலியவற்றை அது வரையறுக்கிறது. நம்முடையது சரக்கு வண்டியாதலின் அத்தொகுதி இதற்குரியதன்று. மோட்டார் வாகன ஆய்வாளர் பதிவின்போது வண்டியைப் பார்வையிடுவார். அது சாலைப் பாதுகாப்புக்கும் சட்டத்திற்கும் உரிய ஆய்வு. தரையின் கீழ்ச் சட்டம் பத்தாண்டு உழைக்குமா என்று பார்ப்பது அவர் கடமையன்று. அது வாங்குகிறவர் கடமை.

பெரிய கார் தொழிற்சாலைகளில்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதலும், ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு முதலும் கார்கள் செய்யப்படுகின்றன. இத்தகைய பெருந்தொழிற்சாலைகளில் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கி, இயந்திரக் கைகளால் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கிறார்கள். ஒரு காரின் உடலில் அத்தகைய புள்ளிகள் சில ஆயிரம் இருக்கும். உடல் முழுவதையும் வர்ணத் தொட்டியில் மூழ்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவதால், உள்ளறைகளிலும் பூச்சுப் படிகிறது.

இவ்வளவு இயந்திரங்கள் இருந்தும், அவர்கள் முடிந்த காரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. தகடுகளுக்கிடையே உளியைச் செலுத்திப் புள்ளிகள் பிடித்துள்ளனவா என்று சோதிக்கிறார்கள். அவ்வப்போது ஓர் உடலையே வரிசையினின்று எடுத்து, விற்பனைக்கு உதவாதபடி முழுதும் பிரித்துக் கிழித்து ஒவ்வொரு பற்றையும் ஆராய்கிறார்கள். ஓர் உடலை இழப்பது செலவே. ஆனால், அடுத்து வரும் ஆயிரக்கணக்கான உடல்களில் மறைந்திருக்கும் பிழையை அறிய வேறு நிச்சயமான வழியில்லை. சிறு பட்டறையாயினும் பெருந்தொழிற்சாலையாயினும் மூடப்படும் இடத்தை மூடுமுன் பார்ப்பதே விதி.

எங்கள் முடிவு

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, மூன்று பட்டறைகளின் விலைப்புள்ளிகளையும் ஒப்பிட்டோம். மிகக் குறைந்த விலை கூறியவர் குழாயின் கனத்தையும், துத்தநாகப் பூச்சையும் குறிப்பிடவே இல்லை. எழுதாத பொருளுக்கு அவர் விலை போடவில்லை, அவ்வளவே. நாம் பார்த்த தொழிற்சாலையின் விலை நடுத்தரமானது. அதில் நிறைவும் கண்டோம், குறையும் கண்டோம். குறையைக் காட்டியதும் மறையாமல் ஒப்புக்கொண்டு திருத்தியதே அவர்களைத் தேர்ந்தெடுக்க எங்களைத் தூண்டிற்று.

ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவற்றைச் சேர்த்தோம். பிற சங்கங்களுக்கும் இவை பயன்படலாம்.

1. குழாய், தகடு ஆகியவற்றின் கனம் மில்லிமீட்டரில் எழுதப்பட வேண்டும். துத்தநாகப் பூச்சு உண்டா என்பதும் எழுதப்பட வேண்டும்.

2. எலும்புக்கூடு முடிந்து தகடு போடுமுன் முதற் பார்வை. தகடு முடிந்து வர்ணம் பூசுமுன் இரண்டாம் பார்வை. நீர்ச்சோதனையும் நிறைச்சோதனையும் மூன்றாம் பார்வை.

3. ஒவ்வொரு பார்வையிலும் சங்கத்தின் இருவர் கையெழுத்திட்ட பின்னரே அடுத்த தவணைப் பணம் தரப்படும். மூடப்படவிருக்கும் பகுதிகளைக் கைப்பேசியில் படமெடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

4. ஐப்பசி, கார்த்திகை மழை கழியும்வரை ஒரு பகுதித் தொகை நிறுத்தி வைக்கப்படும். நாம் பத்தில் ஒரு பங்கு கேட்டோம். நெடுநேரப் பேச்சுக்குப்பின் உரிமையாளர் இருபதில் ஒரு பங்குக்கு இணங்கினார்.

முதற் பார்வை முடிந்துவிட்டது. இம்முறை தரையின் கீழ் எல்லா வரிசைகளிலும் பிரைமர் இருந்தது. “நீங்க குனிஞ்சு பாப்பீங்கன்னு பசங்களுக்குத் தெரியுமுங்க” என்றார் மேஸ்திரி.

நம் தறிக்கும் நிலத்துக்கும்

பிறர் வேலையை இவ்வாறு ஆராயும் நாம், நம் வேலையை ஆராய்கிறோமா? வாங்குபவரும் நம்மைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

கஞ்சிப்பசை நூலின் நலிவை மறைக்கும். முதற் சலவையில் அது வெளியாகும். மடித்து முத்திரையிட்ட சேலை, நடுவிலுள்ள இழையறுப்பை மறைக்கும். அழகிய சாயம், சரியாக அலசாத குறையை மறைக்கும். வாங்கியவர் வீட்டில் அது வேறு துணியிலும் ஏறும். கூடையின் மேலடுக்குத் தக்காளி கீழடுக்கை மறைக்கும். மெருகேற்றிய மஞ்சள், உள்ளே பூச்சி அரித்ததை மறைக்கும். ஈரம் போகாத நிலக்கடலை மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இவையனைத்தும் நாம் பூசும் நீல வர்ணங்கள்.

ஆகவே, பாவு ஓடும்போதே நூலைப் பார்க்க வேண்டும். சாயத்தொட்டியினின்று எடுத்ததும் அலசலைப் பார்க்க வேண்டும். சேலையை மடிக்குமுன் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். மூட்டையைத் தைக்குமுன் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். விளைபொருளுக்குத் தரம் பிரித்து முத்திரையிட 1937-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அக்மார்க் முத்திரை அதன் வழி வந்ததாகும். கைத்தறி முத்திரை 2006-ஆம் ஆண்டில் வந்தது. முத்திரைகள் வாங்குவோர்க்கு உறுதி தருவன. அவ்வுறுதியை மெய்யாக்குவது மூடுமுன் பார்க்கும் நம் கண்ணே.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து உழைப்பாளர்கள், நெசவாளர் சிலரும் உள்ளிட்டவர்கள், 1844-ஆம் ஆண்டு தங்கள் சிறு கடையைத் திறந்தபோது, மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களே அங்கிருந்தன. கலப்படமற்ற பொருள், குறையாத எடை என்பதே அவர்கள் பெற்ற நற்பெயர். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்த நம்பிக்கையின்மீது எழுந்தது. அதனைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

வரும் பேரவைக் கூட்டத்தில் அந்த முதிய அம்மையார் மீண்டும் எழுந்து, “வண்டியைப் பார்த்தது யாருங்க?” என்று கேட்கக்கூடும். இம்முறை எழுந்து நிற்க நாம் மட்டுமன்றி வேறு நால்வரும் உளர்; காட்டுவதற்குத் தரையடிப் படங்களும் உண்டு. இரண்டாம் பார்வைக்கு அவரையே அழைத்துச் செல்வதென்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

படிப்பு வட்டத்திற்குரிய கேள்விகள்

1. உங்கள் சங்கம் கடைசியாக வாங்கிய இயந்திரத்தையோ கட்டிய கட்டடத்தையோ, வேலை நடக்கும்போது பார்த்தவர் யார்? எந்தெந்த நிலையில் பார்த்தார்?

2. மிகக் குறைந்த விலைப்புள்ளியில் எழுதப்படாமல் விடப்பட்டவை யாவை என்று கண்டறிவது எப்படி?

3. உங்கள் தொழிலில் ஒரு குறை எந்தக் கட்டத்தில் கண்ணுக்கு மறைகிறது? அதற்கு முந்திய கட்டத்தில் அதனைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

4. பணத்தை வேலையின் நிலைக்கேற்பத் தவணையாகத் தருவதால் செய்பவருக்கும் செய்விப்பவருக்கும் உண்டாகும் நன்மைகள் யாவை?